மார்கழியில் பால் காய்ச்சக் கூடாது

ராஜகுரு இன்னும் இருமவில்லை.

தங்கச்செல்வி காபியை ஆற்றிக்கொண்டே அடுப்படிக் கதவோரம் காதைக் கொடுத்து நின்றிருந்தாள். அடுப்பு மேடையில் ஒரு பக்கம் எவர்சில்வர் தம்ளர், இன்னொரு பக்கம் பேப்பர் கப்பு. கூடத்தில், வீடு வாடகைக்குக் கேட்டு வந்த புருசனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்செல்வியின் புருசன் ராஜகுரு ஒரு தடவை இருமினால் எவர்சில்வர். இரண்டு தடவை இருமினால் பேப்பர் கப்பு. இது அந்த வீட்டின் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

திருச்சுழி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் ராஜகுருவின் கடை தெரியாதவர்கள் கிடையாது. பாத்திரம், பிளாஸ்டிக் சாமான், பால் பாக்கெட் எல்லாம் எந்நாளும் கிடைக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார், கார்த்திகைக்கு அகல் விளக்கு, ரம்ஜான் நோன்பு மாதத்தில் வீரசோழன் ஊர் முஸ்லிம்களுக்குப் பேரீச்சம்பழமும் தொப்பியும், டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் ஸ்டாரும் குடில் பொம்மையும். அவர் கடையில் எல்லாச் சாமிக்கும் இடம் உண்டு. மனிதர்களுக்கு வீடு விடுகிற சமயத்தில்தான் கொஞ்சம் நெருக்கடி வந்துவிடும்.

வாடகை வீடு கடையை ஒட்டியே இருந்தது. தங்கச்செல்வியின் அப்பா கல்யாணத்தின்போது மகள் பேரில் எழுதிக் கொடுத்த வீடு. வீட்டு வரி ரசீது அவள் பேருக்கு வரும். சாவி ராஜகுருவின் கல்லாப்பெட்டியில் இருக்கும். "என் வீடு" என்று அவர் சொல்லும்போது அவளே தலையாட்டுவாள். அப்படியே பழகிவிட்டது.

ராஜகுரு யாரிடமும் சாதி கேட்டதே இல்லை. அதை அவரே பெருமையாகச் சொல்லுவார். அவர் கேட்பதெல்லாம் ஊரைப் பற்றித்தான்.

"எந்த ஊரு தம்பி?"

"பரளச்சிக்குத் தெக்க அண்ணாச்சி" என்றான் வந்தவன். பேர் மாரிச்செல்வம். சோலார் கம்பெனியில் கண்ணாடித் தகடுகளைத் துடைக்கிற வேலை.

"தெக்கன்னா, ஊருக்குள்ளயா, ஊரத் தாண்டியா?"

"தாண்டித்தான்."

"தாண்டின்னா, கம்மாக்கரைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்."

"சரி சரி. சும்மா தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் கேக்குறேன். நம்ம அதெல்லாம் பாக்குற ஆளு இல்ல. கொலசாமி எது?"

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று மாரிச்செல்வத்துக்குத் தெரியும். காலையிலிருந்து ஏற்கெனவே மூன்று வீடுகளில் இதே கண்மாய்க்கரையைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். குலசாமி பேரைச் சொன்னான்.

ராஜகுரு இருமினார். ஒன்று. இரண்டு. தங்கச்செல்வியின் கை பேப்பர் கப்புக்குப் போனது. மூன்று. கை அப்படியே நின்றது. நான்கு, ஐந்து என்று போய், இருமல் நிற்பதாகவே தெரியவில்லை. மார்கழிப் பனி நாலு நாளாக மனிதருக்கு நெஞ்சில் இறங்கியிருந்தது. இரண்டுக்கு மேல் போனால் என்ன செய்வதென்று ராஜகுருவும் தங்கச்செல்வியும் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை.

தங்கச்செல்வி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாசம் ஆகப்போகிற வயிறு. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கொதிக்கிற காபியைப் பேப்பர் கப்பில் கொடுத்தால் கையைச் சுடுமே என்றுதான் அப்போது தோன்றியது. வேறு எந்தப் புரட்சியும் தங்கச்செல்வியின் மனசில் இல்லை. கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணின் கைக்குப் போன தம்ளரில் 'முத்துமாரியம்மாள்' என்று பேர் வெட்டியிருந்தது. மாமியாருடைய சொந்தத் தம்ளர். பேத்திமார்கூடத் தொட யோசிக்கிற தம்ளர். மார்கழி பஜனை முடிந்து, நெற்றி நிறைய விபூதியோடு முத்துமாரியம்மாள் வாசலில் வந்து நின்ற அதே நேரத்தில், தம்ளர் அந்தப் பெண்ணின் உதட்டில் இருந்தது.

ராஜகுருவுக்கு இருமல்கூட நின்றுவிட்டது.

"தம்பி, வீடு குடுக்கிறதுல ஒண்ணுமில்ல" என்று தொண்டையைச் செருமினார் ராஜகுரு. "ஆனா இது மார்கழி. மார்கழியில புதுசாப் பால் காய்ச்சக் கூடாது. போதாததுக்கு இவுக மாசமா இருக்காக. மாசமா இருக்கறவுக வீடு மாறக் கூடாது."

"அப்ப தை பொறந்து வாரோம் அண்ணாச்சி."

"தையில வெள்ளையடிக்கணும்."

"மாசியில?"

"மாசியில கையில பச்சப்புள்ள இருக்கும்ல. பச்சப்புள்ளயத் தூக்கிட்டுப் புது வீட்டுக்கு வரக் கூடாது."

பிள்ளை வயிற்றில் இருந்தாலும் ஆகாது, வெளியே வந்தாலும் ஆகாது. மாரிச்செல்வம் எழுந்துகொண்டான். கோபப்பட்டுப் பழக்கம் இருந்தால் கோபப்பட்டிருப்பான். அந்தப் பெண்தான் தம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் தங்கச்செல்வியிடம் வந்தாள்.

"போன தடவ வலி கண்டப்ப இவுக நைட்டு ஷிப்டு போயிட்டாகக்கா. எங்க ஊருல இருந்து வண்டி புடிச்சு வாரதுக்குள்ள ரோட்டுலயே பொறந்து, ரோட்டுலயே போயிருச்சு. ஆம்பளப்புள்ள. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருந்தா நடந்தாச்சும் போயிருவேன்னுதான் கேட்டோம்."

அழாமல்தான் சொன்னாள். பேர் ராஜேஸ்வரி என்றாள். தங்கச்செல்வி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் தெருவில் இறங்கிப் போகும்வரை நின்றாள். கூப்பிட்டு நிறுத்தவில்லை. அது அவளை நாள் முழுக்க உறுத்தியது.

அதற்குப் பிறகு வீடு இரண்டுபட்டது. முத்துமாரியம்மாள் தம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், வெயிலில் கவிழ்த்தாள். அப்படியும் மனசு ஆறாமல், பேரை ராவி அழித்துவிட்டுக் கடையில் விலைக்கு வைக்கச் சொன்னாள்.

"நான் எத்தன தடவ இருமுனேன்?" என்று கேட்டார் ராஜகுரு.

"ஏழெட்டுத் தடவ இருக்கும்."

"மொத ரெண்டுதான் சங்கதிக்கு இருமுனது. பெறகு இருமுனது சளிக்கு. இத்தன வருசம் குடும்பம் நடத்துற, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?"

தெரியாமல்தான் போய்விட்டது. தங்கச்செல்வி கடைக்குப் போய் உட்கார்ந்தாள். அவருக்கும் மேற்கொண்டு சண்டை போட நேரமில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு நாடகம் இருந்தது.

கடைக்கு எதிரே சின்னதாக ஒரு மாதா கோயில். அங்கே கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் சவரிமுத்து வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பாலன் ஏசு பிறந்த நாடகம் போடுவார். பூசைக்கு வருகிற குடும்பங்கள் குறைவு, நாடகம் பார்க்கத் தெருவே வரும். இந்த வருசம் சத்திரக்காரன் வேசம் போடுகிறவர் வேலை மாறுதலில் போய்விட்டார். போன வாரம் சீரியல் லைட்டு வாங்க வந்த உபதேசியார், அப்படியே ராஜகுருவையும் கேட்டு வைத்தார்.

"ராசா வேசம் ஏதாச்சும் இருக்கா? பட்டுவேட்டி நம்மகிட்டயே இருக்கு" என்றார் ராஜகுரு.

"மூணு ராசாவும் ஆள் ஆயாச்சு அண்ணாச்சி. சத்திரக்காரர்தான் காலியா இருக்கு."

"வசனம் எவ்வளவு?"

"ஒண்ணே ஒண்ணுதான். சூசையப்பரும் மாதாவும் வந்து தங்க இடம் கேப்பாக. நீங்க 'இடம் இல்லை'ன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்தணும்."

ஒரே ஒரு வசனத்துக்கு மேடை ஏறுவது தன் தகுதிக்குக் குறைச்சல் என்றுதான் ராஜகுரு முதலில் நினைத்தார். பிறகு, மேடை ஏறிவிட்டால் வசனத்தை யார் அளக்கப் போகிறார்கள் என்று சமாதானமாகிவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் முன்னால் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி, சேலை கட்டி, மேடை தயாரானது. முத்துமாரியம்மாள் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மகன் மேடை ஏறுகிற நாளில் அவள் வராமல் இருப்பாளா. தங்கச்செல்வி கடையில் இருந்தபடியே பார்த்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். பரளச்சி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு மாரிச்செல்வமும் ராஜேஸ்வரியும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்கள். அன்று முழுக்க வீடு தேடி அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தங்கச்செல்வி விற்பனைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப்போய்ப் போட்டாள்.

"உக்காரு தாயி. பஸ்ஸு எப்பிடியும் லேட்டாத்தான் வரும்."

ராஜேஸ்வரி உட்கார்ந்தாள். நாடகம் தொடங்கியது.

சூசையப்பராக நடித்தது ஒரு ஆட்டோக்காரர். ஒட்டுத்தாடி மூக்கில் ஏறி ஏறி வந்தது. மாதாவாக நடித்தது உபதேசியாரின் மகள். வயிற்றில் தலையணை. நாலு அடி நடந்ததும் தலையணை சரிந்து முழங்காலுக்கு வந்துவிட்டது. "ஏய், புள்ள எறங்கிருச்சு" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, சூசையப்பரே குனிந்து பிள்ளையைத் தூக்கி மேலே வைத்துவிட்டார். சம்மனசு, அதாவது தேவதூதர் வேசம் போட்டிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் இறக்கையோடு திரும்பி நின்றுகொண்டார்.

அட்டையில் செய்த சத்திரக் கதவை சூசையப்பர் தட்டினார். தலைப்பாகையோடு ராஜகுரு வெளியே வந்தார்.

"ஐயா, நாங்க நாசரேத்தூர்ல இருந்து வாரோம். இவுகளுக்குப் பேறுகாலம். இன்னைக்கு ஒரு பொழுது தங்க இடம் வேணும்."

'இடம் இல்லை' என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கூட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். கைத்தடியை ஊன்றினார்.

"நாசரேத்துன்னா, ஊருக்குள்ளயா, ஊரத் தாண்டியா?"

ஆட்டோக்காரருக்கு இது வசனத்திலேயே இல்லை. "தாண்டித்தான்னு நெனைக்கிறேன்" என்றார்.

"தாண்டின்னா, கம்மாக்கரைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜகுருவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

"கொலசாமி எது?"

சூசையப்பர் திருதிருவென்று விழித்தார். திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியார் எடுத்துக் கொடுத்தார். "நாங்க தாவீது ராசா வம்சம்யா."

"வம்சம் யாரு வேணும்னாலும் சொல்லலாம். தெரு எது?"

அந்த நேரம் பார்த்து மேடையில் ராஜகுருவுக்கு இருமல் வந்தது. இரண்டு தடவை. கடையில் நின்ற தங்கச்செல்வியின் கை தன்னால் நீண்டு, அடுக்கி வைத்திருந்த பேப்பர் கப்பு ஒன்றை உருவிவிட்டது. உருவின பிறகுதான் கையைப் பார்த்தாள். அவளுக்கே சீ என்று ஆகிவிட்டது.

"சரி, பாக்க நல்ல ஆளுகளாத்தான் இருக்கீக" என்று மேடையில் ராஜகுரு தொடர்ந்தார். "நான் அதெல்லாம் பாக்குற ஆளு இல்ல. ஆனா இது மார்கழி. மார்கழியில பால் காய்ச்சக் கூடாது. இவுக வேற மாசமா இருக்காக. மாசமா இருக்கறவுக வீடு மாறக் கூடாது."

"புள்ள பொறந்த பெறகு வரட்டுமாய்யா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். அவருக்கும் இப்போது சூடு பிடித்துவிட்டது.

"பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வரக் கூடாது. இடம் இல்லை."

கதவைச் சாத்திய வேகத்தில் அட்டைக் கதவு பெயர்ந்து சூசையப்பர் தலையில் விழுந்தது. தெரு கைதட்டிக் கைதட்டி ஓய்ந்தது. மாதா தலையணையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடக்க, கைதட்டிய பெண்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முத்துமாரியம்மாளுக்கு அழுகை தாங்கவில்லை.

"புள்ளத்தாச்சியப் போயி இப்பிடி வெரட்டுறானே. இவன்லாம் வெளங்குவானா? இவன் வீட்டுல வெளக்கெரியுமா?"

"அது ஒங்க மகன்தான் ஆச்சி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நான் வேசத்தச் சொன்னேன்" என்று மூக்கைச் சிந்தினாள் முத்துமாரியம்மாள்.

ராஜேஸ்வரியும் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்மாய்க்கரை வந்ததும் சிரிப்பு குறைந்தது. மார்கழி வந்ததும் நின்றுவிட்டது. மாரிச்செல்வம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி நல்லா நடிக்கிறாகக்கா" என்றாள் அவள், பக்கத்தில் வந்து நின்ற தங்கச்செல்வியிடம். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தங்கச்செல்வியைக் கொன்றது.

மேடையில் வைக்கோலைப் பரப்பினார்கள். உபதேசியார் மைக்கைப் பிடித்தார். "மக்கள் மேல கடவுளுக்கு அம்புட்டுப் பிரியம். அதனாலதான் இடம் இல்லைன்னு சொன்னதுக்கு அவரு கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போகல. மாட்டுக்கொட்டகையாச்சும் போதும், ஒங்களோட இருக்கணும்னு வந்து பொறந்தாரு."

தங்கச்செல்வி எத்தனையோ வருசமாகக் குடில் பொம்மை விற்கிறாள். மாதாவையும் சூசையப்பரையும் பேப்பரில் சுற்றி, குழந்தையைப் பஞ்சில் பொதிந்து, மாட்டுக்கொட்டகையைத் தனியாகக் கட்டிக் கொடுப்பாள். அந்தக் கொட்டகை அழகுக்காக வைத்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். யாரும் வீடு கொடுக்காததால் வந்த கொட்டகை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. உலகத்தையே உண்டாக்கின சாமி ஒரு வாடகை வீட்டுக்கு வழியில்லாமல் தெருத்தெருவாக அலைந்திருக்கிறது, அதன் அம்மாவிடமும் எவனோ ஒருத்தன் எந்த ஊரு, எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறான். அந்தச் சாமி மேல் தங்கச்செல்விக்கு முதல்முறையாகப் பாசம் வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் வருகிற மாதிரி.

கடைக்குள் போனாள். கல்லாப்பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தாள். பிரிட்ஜில் இருந்து பால் பாக்கெட், அலமாரியில் இருந்து ஒரு புதுப் பால் சட்டி.

"எந்திரி ராஜேஸ்வரி. தம்பி, நீயும் வா. வீட்டப் பாருங்க."

"அக்கா, மார்கழி" என்றாள் ராஜேஸ்வரி. பயந்துவிட்டாள்.

"தெரியும். இந்தச் சாமியும் மார்கழியிலதான வந்துருக்கு. ரெண்டாயிரம் வருசமா நல்லாத்தான் இருக்கு. சாமான நாளைக்கு லோடு ஏத்திக் கொண்டாங்க. பால மட்டும் இப்பவே காய்ச்சிருவோம்."

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பால் பொங்கின வீட்டிலிருந்து குடிவந்தவர்களை நாமாக வெளியேற்றினால் வீட்டுக்காரருக்கு ஆகாது என்பது முத்துமாரியம்மாளின் அசைக்க முடியாத நம்பிக்கை. வாடகையே கொடுக்காத ஒரு குடிகாரனை இந்த நம்பிக்கைக்காகவே நாலு வருசம் அதே வீட்டில் வைத்துக் கும்பிட்டவள் அவள். பொங்குவதற்கு முன்னால் மாமியார் வந்துவிட்டால் காரியம் கெட்டது. பொங்கிவிட்டால் யமனே வந்தாலும் அசைக்க முடியாது.

காலி வீட்டில் மூன்று செங்கல்லைக் கூட்டினாள். ஸ்டார் வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் கொளுத்தினாள். அட்டை திகுதிகுவென்று எரிந்து, பொசுக்கென்று அணைந்தது. மாரிச்செல்வம் குனிந்து ஊதினான். புகை மண்டியது. மூன்று பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாலையே பார்த்தார்கள். புருசனைக் கேட்காமல் தங்கச்செல்வி இதுவரை ஒரு திரைச்சீலைகூட மாற்றியதில்லை.

வெளியே மைக் அலறியது. "இந்த வருசத்தோட சிறந்த நடிகர் பரிசு, சத்திரக்காரரா ரொம்ப இயல்பா நடிச்ச நம்ம ராஜகுரு அண்ணாச்சிக்கு. இம்புட்டு இயல்பா நடிக்க எங்க கத்துக்கிட்டீங்க அண்ணாச்சி?"

"எல்லாம் பழக்கந்தான்" என்றது ராஜகுருவின் குரல்.

பரிசு எவர்சில்வர் கிண்ணம், ஒரு செட்டு. ராஜகுருவின் கடையிலேயே வாங்கியது. யாருக்கோ போகிற பரிசுதானே என்று கோயிலுக்குக்கூட விலையைக் குறைக்காமல் விற்றிருந்தார்.

பால் பொங்கியது. நுரை ஏறி, விளிம்பைத் தாண்டி, செங்கல்லில் வழிந்து சுர்ரென்றது. ராஜேஸ்வரி தன்னை அறியாமல் கும்பிட்டாள்.

அதே நேரத்தில் மாலையும் கழுத்துமாக ராஜகுருவை ஊர்வலமாக அழைத்துக்கொண்டு தெருவே வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. பூட்டிக் கிடந்த வீட்டில் வெளிச்சம். வாசலில் புகை. உள்ளே கும்பிட்டபடி ஒரு நிறைமாசக்காரி. ராஜகுருவின் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறந்தார்.

அவரை முந்திக்கொண்டு உபதேசியார் மைக்கில் பேசிவிட்டார். சூதுவாது தெரியாத மனிதர். மேடையிலிருந்து இறங்கும்போது மைக்கைக் கீழே வைக்கவும் மறந்திருந்தார். "பாத்தீங்களா? சத்திரக்காரருக்கு மனசு மாறிருச்சு. நம்ம அண்ணாச்சி வீட்டத் தொறந்து விட்டுட்டாரு."

நாடகத்துக்குத் தட்டியதைவிடப் பலமாகக் கைதட்டல். ராஜகுரு திறந்த வாயை மூடினார். கழுத்தில் மாலை, கையில் பரிசு, முகத்துக்கு நேரே மைக். இத்தனை கைதட்டலையும் ஒரே வார்த்தையில் தொலைக்க எந்த நடிகருக்கு மனசு வரும்?

"ஆமா" என்றார். "நாந்தான் தொறக்கச் சொன்னேன்."

தங்கச்செல்வி, பேர் அவருக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முத்துமாரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏ தங்கச்செல்வி, மார்கழியில..." என்று தொடங்கியவள் செங்கல்லைப் பார்த்தாள். "பொங்கிருச்சா?"

"பொங்கிருச்சு அத்தே."

முத்துமாரியம்மாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பால் காய்ச்சினால் வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஊற்றிக் கொடுக்கப் பாத்திரம் இல்லை. உபதேசியாரே பரிசுப் பெட்டியைப் பிரித்துக் கிண்ணங்களை நீட்டினார். ராஜேஸ்வரி சர்க்கரை போட்டுக் கலக்கி, கிண்ணம் கிண்ணமாக ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அப்போதுதான் அந்தத் தெருவுக்கு இத்தனை வியாதி இருப்பது தெரிந்தது. ஒருவருக்கு சுகர். ஒருவருக்குப் பால் வயிற்றைக் கெடுக்கும். ஒருத்தி இப்பத்தான் காபி குடித்தாள். முத்துமாரியம்மாள் மார்கழி முடியும்வரை விரதம். தலையணைக்காகக் கண்ணீர் விட்ட தெரு, நிஜ வயிற்றுக்காரி நீட்டிய பாலைப் பார்த்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனது. உபதேசியார் மட்டும் வாங்கி மடமடவென்று குடித்தார், இன்னொரு கிண்ணமும் கேட்டார்.

ராஜேஸ்வரி கையில் கிண்ணத்தோடு நின்றாள். அவள் முகம் சுண்டிப்போனது. காலையில் நான்கு வீடுகளில் நின்ற மாதிரியே நின்றாள். தங்கச்செல்வி அந்தக் கிண்ணத்தை வாங்கிப் புருசனிடம் நீட்டினாள்.

"வீட்டத் தொறந்து விட்டவுக நீங்கதான. மொதல்ல நீங்க குடிங்க."

தெருவே ராஜகுருவைப் பார்த்தது. அவர் கிண்ணத்தை வாங்கினார். தலையை அண்ணாந்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, "ஆகா, நல்லா இருக்கு" என்று சொல்லித் துண்டால் உதட்டையும் துடைத்துக்கொண்டார். மறுபடியும் கைதட்டல்.

கிண்ணத்தைத் திரும்ப வாங்கிய தங்கச்செல்விக்குக் கை கனத்தது. பால் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

அவள் அவரைப் பார்த்தாள். அங்கேயே, தெரு பார்க்க, அவர் பார்க்க, அந்தக் கிண்ணத்தை வாயில் வைத்து நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வீட்டுச் சாவியை ராஜேஸ்வரியின் கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"எந்நேரம் வலி கண்டாலும் வந்து எங்க வீட்டுக் கதவத் தட்டு தாயி. கொல்லப்பக்கம் சுத்தி வராத. முன்வாசல்ல வந்து தட்டு."